முப்பத்தோராவது அழைப்பு

டீச்சர் பாடம் நடத்துவதை விட்டுப் பதினொரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த நகரத்தில் தமிழ் பேசுகிற யாரும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது அவருக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. நாட்டு மொழி தெரியாமல் கூண்டில் நின்று விழிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் சொல்வதை நீதிபதிக்கும், நீதிபதி சொல்வதை அவர்களுக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். விவாகரத்து, சாலை விபத்து, பக்கத்து வீட்டுக்காரனோடு மதில் சண்டை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, வக்கீலம்மா ஒருவர் அவரைத் தேடி வந்து கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது.

"என் கட்சிக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மூணு வாரமா உள்ள இருக்கார். அமைச்சரகக் கட்டடத்துல குண்டு வைக்கத் திட்டம் போட்டார்னு வழக்கு. அவர் ஃபோன்ல பேசினதுதான் சாட்சி. இதைப் படிச்சுப் பாருங்க."

அந்தக் கட்டடத்துக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்திருந்ததாம். உடனே, உள்ளே போய்வர அனுமதிச் சீட்டு வைத்திருந்த தொழிலாளிகள் எல்லோருடைய தொலைபேசியையும் ஒட்டுக்கேட்க ஆணை வாங்கியிருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர், மின்சாரம் பார்ப்பவர், லிஃப்ட் மெக்கானிக் என்று யாரையும் விடவில்லை. ஆறு வாரத்தில் மெக்கானிக் தன் அக்காவோடு பேசிய அழைப்புகள் நாற்பத்து மூன்று. அத்தனையையும் உட்கார்ந்து கேட்கத் தமிழ் தெரிந்த ஆள் காவல்துறையில் இல்லை. கணினிதான் கேட்டது, கணினிதான் மொழிபெயர்த்தது.

டீச்சர் முதல் பக்கத்தைப் படித்தார். மெக்கானிக் தன் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னதாக அதில் இருந்தது: 'அவன் காலையிலிருந்து கழுத்துகளை அறுத்துக்கொண்டிருக்கிறான். மதியத்துக்குள் என் உயிரை விலைக்கு வாங்கிவிடுவான்.'

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலம்மா சிரிக்கவில்லை. கோப்பைத் திருப்பி, சிவப்புக் கோடு போட்டிருந்த ஒரு வரியைக் காட்டினார். முப்பத்தெட்டாவது அழைப்பு. 'வெள்ளிக்கிழமை மாலை வெடிகுண்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். நானும் உடன் இருப்பேன்.'

"இது சாதாரணப் பேச்சுங்க" என்றார் டீச்சர். "குண்டைத் தூக்கிப் போடுறதுன்னா, எதிர்பார்க்காத ஒரு விஷயத்தைத் திடீர்னு சொல்றது. கல்யாணம் வேணாம்னு ஒரு பொண்ணு சொன்னாக்கூட, குண்டைத் தூக்கிப் போட்டுட்டான்னுதான் வீட்டுல சொல்லுவாங்க."

"அதை நீங்க கோர்ட்டுல சொல்லுவீங்க, நம்புவாங்க. அடுத்த கேள்வி என்ன வரும்? அப்போ அந்த விஷயம் என்னன்னு கேப்பாங்க. அதை என் கட்சிக்காரர் சொல்ல மாட்டேங்கிறார். மூணு வாரமா வாயைத் திறக்கல. அக்காவைக் கேட்டாங்க, அன்னிக்குத் தம்பி சாப்பிட வர்றதா இருந்தான்னு மட்டும் சொல்லியிருக்காங்க. போலீசுக்கு அது இன்னும் சந்தேகம்."

நாற்பத்து மூன்று அழைப்புகளையும் டீச்சர் நேரடியாகக் கேட்டு, சரியான மொழிபெயர்ப்பு எழுதித் தர வேண்டும் என்று ஏற்பாடானது.

காவல்துறைத் தலைமையகத்தின் மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. வாசலில் கைப்பையையும் தொலைபேசியையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். எண் போட்ட தாள்கள் இருபது கொடுத்தார்கள். சாயங்காலம் திருப்பித் தரும்போது ஒரு காவலர் அதை எண்ணிப் பார்ப்பார். ஹெட்ஃபோனின் பஞ்சு பிய்ந்து காதில் குத்தியது.

முதல் இரண்டு நாள் டீச்சருக்கு வேலை லேசாகத்தான் இருந்தது. அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். தம்பி தனியாள், எட்டாவது மாடியில் ஒற்றை அறையில் இருப்பவன். தினமும் மதிய இடைவேளையில் அவன் கூப்பிடுவான். அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார். முழங்கால் வலி, இஸ்திரி மெஷின் ரிப்பேர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மாமா, அதாவது அக்காவின் புருஷன், பேருந்துப் பிள்ளைகளிடம் படும் பாடு. ஒரு நாள் தம்பி தன் சமையலைப் பற்றி அரைமணி நேரம் அளந்தான். "நீ பண்ணினதை நீயே சாப்பிட்டியா? தைரியசாலிதான்" என்றார் அக்கா. டீச்சர் அதையும் எழுதினார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உடம்பு கூசியது. பேசிய இருவருக்கும், நடுவில் மூன்றாவதாக ஒரு காது இருப்பது தெரியாது. அக்கா மூக்கைச் சிந்துவதும், தம்பி வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவதும் அவருக்குக் கேட்டன. குளியலறைக் கதவைத் திறந்துவிட்டதைப் போல இருந்தது.

மூன்றாம் நாள் முப்பத்தோராவது அழைப்புக்கு வந்தார். கணினிக் கோப்பில் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பே இல்லை. 'குடும்ப விஷயம். தேவையில்லை' என்று ஒரே வரி.

டீச்சர் பொத்தானை அழுத்தினார். முதலில் அழுகைச் சத்தம்தான் வந்தது. வெகுநேரம் அழுகை மட்டுமே. பிறகு அக்கா சொன்னார்: "தத்து ஆபீஸ் வழியா கடிதாசி அனுப்பியிருக்காடா. எனக்குப் படிக்கத் தெரியல. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், நீ படிச்சுச் சொல்லு."

தம்பி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். கடிதம் எழுதியவளுக்கு வயது இருபத்தெட்டு. பிறந்த ஆறாம் நாள் தத்துக் கொடுக்கப்பட்டவள். வளர்த்தவர்கள் நல்லவர்கள், குறை ஒன்றும் இல்லை. தமிழ் தெரியாது. பெற்றவளை ஒரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டாயம் இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள்.

பத்தொன்பது வயதில் நடந்தது அது. அக்காவுக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம். புருஷனிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்தபோதெல்லாம் நேரம் சரியில்லை. அப்புறம் இருவருக்கும் குழந்தை பிறக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றபோது புருஷன் வர மறுத்துவிட்டார். இருபத்தொரு வருடமாக அவருடைய சொந்தக்காரர்கள் அக்காவைத்தான் குத்திக்காட்டினார்கள்.

"குறை எங்கிட்ட இல்லன்னு எனக்குத் தெரியும்டா" என்றது ஹெட்ஃபோனில் அந்தக் குரல். "அதைச் சொன்னா அவர் உடைஞ்சிடுவார். அதனாலதான் வாயை மூடிட்டு எல்லாரோட பேச்சையும் வாங்கிக்கிட்டேன். இப்ப இவளைப் பத்திச் சொன்னா, அதையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆயிடும்."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். காவலர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, ஏதாச்சும் கிடைச்சுதா?"

"தண்ணி வேணும்" என்றார் டீச்சர்.

அன்று முப்பத்தோராவது அழைப்பைப் பற்றி அவர் தாளில் எதுவும் எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படிச் செய்தது இதுதான் முதல் முறை. வெளியே வந்து வக்கீலம்மாவை நேரில் பார்த்து, "உங்க கட்சிக்காரரை வெளிய கொண்டுவர்ற விஷயம் அதுல இருக்கு. ஆனா அது அவரோட விஷயம் இல்ல. எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தம்மாவை நான் பார்க்கணும்" என்றார்.

வக்கீலம்மா முதலில் மெக்கானிக்கிடம் கேட்டுவிடலாம் என்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்கார்ந்தான். நாற்பது வயது, மழிக்காத முகம், விரல் இடுக்கில் இன்னும் போகாத கிரீஸ் கறை. முப்பத்தோராவது அழைப்பைக் கேட்டதாக டீச்சர் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் சொல்ல மாட்டேங்க. நான் சொன்னா போலீஸ் வீட்டுக்குப் போய் மாமாவை விசாரிப்பாங்க. அவருக்கு இந்த விஷயம் போலீஸ் வாயால தெரியக்கூடாது. அக்கா சொல்லித்தான் தெரியணும்."

"எத்தனை வருஷம் தண்டனைன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"தெரியும். சொன்னாங்க."

மறுநாள் டீச்சர் மட்டும் மருத்துவமனைக்குப் போனார். வக்கீல் போனால் நாலு பேர் கவனிப்பார்கள். சலவைக்கூடத்தில் ஆவியும் சோப்பு நாற்றமும் மூச்சை அடைத்தன. மடித்த போர்வைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முகத்தைப் பார்க்கும் முன்பே, யாரிடமோ "கொஞ்சம் தள்ளி வையேன்" என்ற குரலை வைத்து டீச்சர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு வேளையில் பின்பக்கப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். தான் யார், என்ன வேலையாக வந்தோம் என்று டீச்சர் சொன்னார். முப்பத்தெட்டாவது அழைப்பையும் சொன்னார். தம்பி சிறையில் இருப்பதற்குக் காரணம், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புருஷனிடம் சொல்லிவிடத் தான் குறித்திருந்த வெள்ளிக்கிழமைதான் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. போலீஸ் அவரிடம் அந்த வரியைக் காட்டவே இல்லை. அண்டை அயலார் யாரோ பொறாமையில் மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார்.

அக்கா டிபன் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"எவ்வளவு கேட்டீங்க?"

"எல்லாமே."

"நான் அழுததையுமா?"

"அதையும்தான்."

"எங்கம்மா செத்தப்பகூட நான் யார் முன்னாடியும் அழுததில்ல" என்றார் அக்கா. அதில் கோபம் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னார். "கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பேசினேன். பக்கத்து ரூமுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்லலாம். ஆனால் எதற்காக, யார் சார்பாக?

"நீங்க வேணாம்னு சொன்னா நான் எழுத மாட்டேன்" என்றார் கடைசியில். "கேஸை வேற மாதிரி நடத்திப் பார்ப்போம். ஆனா உங்க தம்பி வெளிய வர்றதுக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது."

"என் தம்பி நாலு வாரமா எனக்காக உள்ள கிடக்குறான். நான் இங்க துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்." டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். "எனக்கு ரெண்டு நாள் குடுங்க, டீச்சர். கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்குத் தெரியட்டும்."

அந்த இரண்டு நாளில் நடந்ததைப் பின்னால் அக்காவே டீச்சரிடம் சொன்னார். அடுத்த நாள் காலை, முதல் நடை முடிந்து புருஷன் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அக்கா வேலைக்குப் போகாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. மனிதர் தலையில் தொப்பியோடு நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எனக்கு முன்னாடி இது யார் யாருக்கெல்லாம் தெரியும்?"

"தம்பிக்கு. கோர்ட்டுல மொழிபெயர்க்கிற டீச்சருக்கு."

"அப்புறம்?"

"அந்த மெஷினுக்கு."

அவர் தலையை ஆட்டினார். "மெஷினுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது" என்றார். மதிய நடைக்கு நேரமாகிவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றும் மறுநாளும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். ஆனால் விசாரணை நாளன்று காலையில் அவர் விடுப்பு எடுத்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "கிளம்பு, நேரமாச்சு" என்றார்.

நீதிபதி கதவைச் சாத்திவிட்டு விசாரிக்கச் சம்மதித்தார். பத்திரிகைக்காரர்களை வெளியே அனுப்பினார்கள். குண்டைத் தூக்கிப் போடுவது என்றால் என்ன, கழுத்தை அறுப்பது என்றால் என்ன என்று டீச்சர் முதலில் விளக்கினார். உயிரை வாங்குவதற்கு வந்தபோது எழுத்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். அரசு வக்கீல், வக்கீலம்மா சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்: "சரி, அந்த விஷயம் என்ன?"

பதிவை ஓடவிட வேண்டாம், நானே சொல்கிறேன் என்றார் அக்கா. கூண்டில் ஏறி நின்று தமிழில் பேசினார். டீச்சர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். நீதிமன்ற வழக்கப்படி சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எத்தனையோ பேருடைய 'நான்' அவர் வாய்வழியாகப் போயிருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று சொல்லும்போது முதல் முறையாக அவருக்கு நா தடுக்கியது. நீதிபதி, "நிதானமாகச் சொல்லுங்கள்" என்றார். அக்கா எதிரில் இருந்த சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். புருஷன் இரண்டாவது வரிசையில் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அழுதுகொண்டிருந்தான்.

அந்தக் கடிதம் உண்மைதானா என்று சரிபார்க்க அரசு வக்கீல் ஒரு வாரம் கேட்டார். கொடுத்தார்கள். எட்டாம் நாள் மெக்கானிக்கை விடுவித்தார்கள். யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆணை முறைப்படி வாங்கப்பட்டது, ஒட்டுக்கேட்டது சட்டப்படிதான், மொழிபெயர்ப்பில் மட்டும் சிறு பிழை என்று தீர்ப்பில் இருந்தது. பதிவுகளை அழிக்கச் சொல்லி வக்கீலம்மா மனுப் போட்டார். ஐந்து வருடம் வைத்திருப்பதுதான் விதி என்று பதில் வந்தது.

சரிபார்ப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு அதிகாரிகள் அந்தப் பெண் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கே போயிருக்கிறார்கள். நோயாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்து, நீ யார், உன்னைப் பெற்றவள் யார், அவளோடு உனக்கு என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறார்கள். தத்து அலுவலகம் வழியாக அக்காவுக்கு இரண்டு வரி வந்தது. இப்போதைக்குத் தொடர்பு வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி வேலைக்குத் திரும்பினான். அரசுக் கட்டடங்களுக்கு இனி அனுப்ப மாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பழைய லிஃப்டுகளோடு மல்லுக்கட்டினான். மதிய இடைவேளையில் அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் பேச்சு தேய்ந்துவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெச்சிடட்டுமா. மீதியை ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொண்டார்கள். அப்போதும் தொலைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான்.

டீச்சரையும் அது தொற்றிக்கொண்டது. வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து எடுத்து வைத்தார். யாரையாவது திட்ட வந்தால் பாதியில் நிறுத்தினார். "என்னக்கா, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுற?" என்று தங்கை கேட்டாள். தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா டீச்சர் வீட்டுக்கு வந்தார். புருஷனும் வந்திருந்தார். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கே உரிய பழக்கத்தில் உள்ளே நுழைந்ததும் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

"அவளுக்கு ஒரு கடிதாசி எழுதணும். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவ பாஷையில எழுதத் தெரியாது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அக்கா சொன்னார், டீச்சர் எழுதினார். நீ பயந்ததில் தப்பில்லை. அவர்கள் உன்னைத் தேடி வந்தது என் பேச்சால். நான் யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசினேன். உன்னிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்ததே போதும். இந்த இடத்தில் அக்கா நிறுத்திவிட்டு, "போதும்னு எழுதாதீங்க. போதாது" என்றார். டீச்சர் அந்த வரியை அடித்தார்.

ஜன்னலோரத்திலிருந்து புருஷன் திரும்பினார். வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் ஒரு வரி சொல்லலாமா?"

அக்கா அவரைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல எனக்கும் எல்லாம் தெரியும்னு எழுதுங்க. ஒளிஞ்சு வர வேண்டியதில்ல, வாசல் வழியா வரலாம்னு எழுதுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஃபோன் வேணாம். நேர்ல வரச் சொல்லுங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் அந்த வரியை எழுதி முடித்து, நல்ல தாளில் இன்னொரு முறை படி எடுத்தார். அடித்துத் திருத்திய தாளையும் சேர்த்து அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

பதில் ஆறு வாரம் கழித்துத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறேன், ஒரு மணி நேரம் இருப்பேன், என்னைப் படம் எடுக்க வேண்டாம். டீச்சர் அதை வாசித்துச் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பேசுவதை மொழிபெயர்க்கத் தான் வர வேண்டியிருக்குமோ என்று நினைத்து, "ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒண்ணும் வேலை இல்ல" என்றார்.

அக்கா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, டீச்சர். நீங்க வர வேணாம். தம்பி இருக்கான், அவர் இருக்கார். தப்பும் தவறுமா நாங்களே பேசிக்கிறோம்."

"அதுதான் சரி" என்றார் டீச்சர். அதை மனதாரத்தான் சொன்னார்.

அந்தப் பெண் சொன்னபடி வந்தாள். ஒரு மணி நேரம் என்றவள் சாயங்காலம் வரை இருந்தாளாம். அவ்வளவுதான் டீச்சருக்குத் தெரியும். அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று அக்கா சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.